வாகையடி முக்கு, வாகையடி முக்கு

தொண்ணூறுகளில், பாளையங்கோட்டையிலிருந்து டவுணுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் இருந்தார். ஒல்லி உடம்பு, நரைத்த மீசை, காதில் செருகிய பென்சில். எந்த நிறுத்தத்தையும் ஒரு தடவைதான் சொல்வார். வாகையடி முக்கை மட்டும் இரண்டு தடவை கூவுவார்.

என் தம்பி இறங்கும் இடம் அது. அங்கே ஓர் அல்வாக் கடையில் பொட்டலம் கட்டும் வேலை. பதிமூன்று வயதில் கூட்டாளிகளோடு கஞ்சா பிடிக்கத் தொடங்கியவன், இருபதில் அடியோடு விட்டுவிட்டான். மறதியும் சட்டென்று வரும் கோபமும் மட்டும் விடவில்லை. மூளை வளருகிற வயதில் பிடித்ததன் வினை என்றார் டாக்டர். இறங்க மறந்து, தாமதமாகப் போயே இரண்டு வேலைகளை இழந்திருந்தான். அதனால்தான் கண்டக்டரிடம் விவரத்தைச் சொல்லி, இடம் வந்ததும் அவனுக்கு நினைவுபடுத்தச் சொல்லியிருந்தேன்.

பிறகொரு நாள், “ஏன் ரெண்டு தடவ கூவுதீய?” என்று கேட்டேன்.

“மொதல்ல ஒங்க தம்பிகிட்ட மட்டுந்தாம்மா சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அவருக்கு மொகம் செத்துப்போச்சு. அதான் எல்லாருக்குமா சேத்துச் சொல்லிருதேன்.”

கும்பிடத் தோன்றியது. அதற்குள் அடுத்த டிக்கெட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

தம்பி அந்த வேலையில் நிலைத்தான். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்:

“எக்கா, அந்தக் கண்டக்டருக்கும் என்னைய மாதிரி மறதி போல. சொன்னதையே திரும்பச் சொல்லுதாரு. பாவம், மூணாவது தடவையும் கூவி, யாரும் அவரப் பாத்துச் சிரிச்சிரக் கூடாதுல்லா? அதான் நான் ஒடனே எந்திரிச்சிருவேன்.”