எதிர்வீட்டு ஃபேன் சுத்தியபோது

2011 கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு நாள் கரண்ட் இல்லை. குட்டியானை வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். அதன் வயரை நம் வீட்டு பிளக்கில் சொருகினால் அரை மணி நேரம் மோட்டார் ஓடும். மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

சொருகுவதற்கு முன் மெயினை ஆஃப் பண்ணணும். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய்விடும். இதைச் சொன்னவன் என் தம்பி. சிதம்பரத்தில் லைன்மேன், புயல் வேலைக்கு இங்கே அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருமுனைக் கம்பத்தில்தான் வேலை. காலையில் வந்து இட்லி தின்றுவிட்டு, என் வீட்டுக்காரரிடம், "மாமா, மெயின எறக்கியே வைங்க. நான் மேல இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவரும் உடனே இறக்கினார்.

மறுபடி ஏற்றியது நான். கரண்ட் வந்தால் தெரியணுமே! தெருவில் எல்லாருமே மெயினையும் ஹால் ஃபேன் சுவிட்சையும் போட்டேதான் வைத்திருந்தோம். ஜெனரேட்டர் வந்ததும் எனக்குத் தண்ணீர் ஒன்றுதான் கண்ணில். "சீக்கிரம் சொருகுப்பா" என்று அவசரப்படுத்தியதும் இந்தப் பாழாப்போன வாய்தான். மெயின் இறங்கியிருக்கிற நினைப்பில் வீட்டுக்காரர் மோட்டாரைப் போடப் போனார்.

"கரண்ட் வந்துடுச்சு! ஃபேன் சுத்துது!" என்று எதிர்வீட்டில் கூச்சல். தெருவே கை தட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

பிறகுதான் உறைத்தது. "அய்யய்யோ, ஆஃப் பண்ணுய்யா! ஜெனரேட்டர ஆஃப் பண்ணு!" என்று கத்திக்கொண்டே செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினேன்.

கம்பத்து உச்சியில் தம்பி பெல்ட்டில் சாய்ந்தபடி அசையாமல் இருந்தான். "டேய்!" என்றேன். மறுபடி கத்தினேன். மெதுவாகத் திரும்பிக் கீழே பார்த்தான். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இறங்கி வந்தான். "கம்பியப் புடிக்கக் கைய நீட்டிட்டேன்கா. அப்பதான் கரண்ட் வந்துடுச்சுன்னு கத்துனாங்க. நான் இன்னும் லைன சேக்கவே இல்லியே, எப்படி வரும்னு கைய இழுத்துக்கிட்டேன்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் ஓவென்று அழுதேன். "நான்தான்டா மெயின போட்டது." திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி, அழுதது போதும். எல்லா வீட்டுலயும் மெயின எறக்கச் சொல்லு. நான் மறுபடி ஏறணும்" என்றான்.

யார் சொன்னதையும் நம்பவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து என் கையாலேயே இறக்கிவிட்டு வந்தேன். அவன் ஏறினான். வேலை முடிந்து அவன் கால் தரையில் படுகிறவரை கம்பத்தடியை விட்டு நகரவில்லை. பட்டதும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.