ஓட்டை போடாத பவுச்

ஒரு தகரக் கொட்டகை, ஒரு தையல் மிஷின். அதில் ஆரம்பித்து ஆம்பூரில் இரண்டு மாடிக் கட்டிடம் எழுப்பியவன் நான். பெல்ட் போட்டேன், பர்ஸ் போட்டேன், ஷூ கம்பெனிகளுக்கு மேல்தோல் தைத்துக் கொடுத்தேன். பாங்க்கில் என்னை உட்காரக்கூடச் சொல்லாத காலம் அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு யார் நாற்காலி போடுவார்கள்? எங்கள் தெருவுக்கு முதல் செல்போன் வந்ததும் என் கையில்தான். செங்கல் மாதிரி கனக்கும், வருகிற போன் காலுக்கும் காசு பிடிப்பார்கள். அந்தச் செல்போனுக்குத் தோல் பவுச் தைத்து எங்கள் பக்கத்தில் முதலில் கடைக்குப் போட்டவனும் நானே. வேறு யாராவது அதைச் சொந்தம் கொண்டாடினால் நம்ப வேண்டாம்.

பவுச் தைக்கிறவன் கைக்கு எல்லாப் போனும் அளவுக்கு வரும். ஆகவே போனைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. மடக்குகிற போன் வேண்டாம், கீல் போய்விடும். கலர் ஸ்கிரீன் வெயிலில் தெரியாது. நல்ல போன் என்றால் பட்டன் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், சார்ஜ் நிற்க வேண்டும், தோல் பதனிடும் டேனரியில் டிரம் சுற்றும்போதும் மணி காதில் விழ வேண்டும். செங்கல்லுக்குப் பிறகு நான் வாங்கிய சாம்பல் நிறப் போன் அந்த ஜாதி. எத்தனையோ தடவை கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்தால் பேசும். நடுங்குகிற வசதியை மட்டும் பாட்டரியைத் தின்னும் என்று நிறுத்தி வைத்திருந்தேன்.

அந்தப் போனுக்கென்று ஒரு பவுச் தைத்தேன். கெட்டியான எருமைத் தோல், உள்ளே ஸ்பாஞ்சு, மேலே அழுத்தி மூடுகிற மூடி. கட்டிங் பார்க்கிறவர் கேட்டார்: "அண்ணே, சத்தம் வெளிய வர்றதுக்கு முன்பக்கம் நாலு ஓட்டை போட்டுரலாமா?"

"தோல்ல ஓட்டையா? ஓட்டைன்னாலே ரிஜெக்ட்டுப்பா."

"கடைக்குப் போறதுக்கெல்லாம் போடுறோமே."

"அது கடைக்கு. இது என் இடுப்புக்கு."

சின்ன வயதில் டேனரியில் தோல் சுமந்தவன் நான். தரம் பிரிக்கிற செலக்ஷன் மேஜைக்காரர் தோலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். அதில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்துவிட்டால் அந்தத் தோல் தனியாகப் போய் விழும், முதலாளி முகமும் விழுந்துவிடும். அந்தப் பயம் என் கையை விட்டுப் போகவே இல்லை. நல்ல தோலைத் தேடி எடுத்து, அதில் நானே ஓட்டை போடுவதா? மூடி தைத்து முடித்ததும் போனை உள்ளே வைத்துப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து கீழே போட்டுக் காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

என் அக்காவைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன அந்த ஒற்றைத் தையல் மிஷின் அவள் வாங்கிக் கொடுத்தது. ஷூ கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்த்த சம்பளம் அது. நின்று நின்றே கால் வீங்கும். பிறகு சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. காலில் புண் வந்து வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கூட அவள் மகள் இருந்தாள். அன்றைக்கு வெறும் கட்டு மாற்றுவதுதான் என்றார்கள். எனக்கு ஆர்டர் அவசரம். புதுப் பவுச்சை இடுப்பில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டேன்.

அன்று காலையிலேயே டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பாதத்தை எடுத்தாக வேண்டும், இப்போதே கையெழுத்துப் போடுங்கள் என்றிருக்கிறார். எங்கள் வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு துரும்பு நகராது. அதை நானே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். அக்கா மகள் கையெழுத்துப் போடப் பயந்து, கீழே இருந்த காசு போடும் போனிலிருந்து என்னை அழைத்தாள். மறுபடி அழைத்தாள். கொட்டகையில் இருந்த பழைய போனையும், செல் இருக்கும்போது அது எதற்கு என்று நான்தான் எடுத்துவிட்டிருந்தேன். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பவுச் வெட்டிக்கொண்டிருந்தேன். என் போன் என் இடுப்பிலேயே அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது.

சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் மூடியைத் திறந்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் ஒரே நம்பர் அத்தனை முறை வந்திருந்தால் நல்ல சேதி இல்லை என்று புரியாதா?

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போயிருந்தார்கள். அதுவரை தண்ணீர்கூடக் குடிக்காமல் "தம்பி எடுப்பான், இன்னொரு வாட்டி போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். காலையில் பாதம் என்று பேசியவர்கள் சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த அரை நாளால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம்.

அக்கா கண் விழித்ததும் முதல் பேச்சே, "இன்னாடா, சாப்ட்டியா?"

"போன் அடிச்சுருக்குக்கா. எனக்குத்தான் கேக்கல."

"டவர் கெடைச்சிருக்காது. காசு மட்டும் கரெக்டா புடுங்கறானுங்க."

"டவர்லாம் ஃபுல்லா இருந்துச்சு. நான் தெச்ச பவுச்சுதான் சத்தத்த அமுக்கிடுச்சு. ஓட்டை போடச் சொன்னாங்க, நான் போடல."

"சும்மா கெட. எல்லாத்துலயும் உன் பேரே வரணும் உனக்கு."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அக்கா பிறகு கட்டைக் கால் வைத்து நடந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் டவர் கதையையே சொன்னாள். அவள் மகள் இன்னொரு கதை சொல்வாள்: "மாமாவோட அந்தப் போனு பேஜாரு புடிச்சது. சத்தமே வராது." அவளிடம் நான் சண்டைக்கே போயிருக்கிறேன். "போனக் கொற சொல்லாதம்மா. அது அதோட வேலைய ஒழுங்காதான் பாத்துச்சு." அவள் கேட்பதில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைக்கிறாள். அதன் பிறகு பளபளப்பாக எத்தனையோ போன் வாங்கிப் பார்த்துவிட்டேன். அந்தச் சாம்பல் நிறப் போனுக்கு எதுவும் ஈடில்லை. எருமைத் தோலுக்குள்ளே மூச்சு முட்டியும் அரை நாள் விடாமல் கூப்பிட்ட போன் அது.

கட்டிடத்தின் நெற்றியில் என் பேர் சிமெண்டில் இருக்கிறது. பவுச் விஷயத்திலும் என் பேரைச் சொல்ல வேண்டும் என்றேன், சொல்கிறார்கள். அதே நியாயம்தான் இதற்கும். அக்காவின் காலைப் பற்றி எங்கள் வீட்டில் இனி யார் பேசினாலும் டவர் என்று சொல்லக் கூடாது, போன் என்று சொல்லக் கூடாது. அதில் என் பங்கு இருக்கிறது. அதை என் பேரிலேயே சொல்ல வேண்டும்.