கழுவிவிட்ட களம்

சக்தி செத்துப்போனான். நேற்று மதியம், சேலத்துக்குப் போகும் வழியில், தொப்பூர் இறக்கத்தில். பின்னால் பிரேக் பிடிக்காத லாரி, முன்னால் இவன் பைக்...

எங்கள் காலேஜ் ரோலர் ஹாக்கி டீமின் கோல்கீப்பர்.

ஆமாம், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடுகிற ஹாக்கிதான். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு சின்ன காலேஜில் அப்படி ஒரு டீம் இருப்பது பலருக்குத் தெரியாது. டோர்னமெண்டுக்குப் போக அனுமதி கேட்டபோது, "இதெல்லாம் சிட்டிப் பசங்க ஆட்டம்ப்பா, நீங்க கபடி ஆடுங்க" என்று சொன்ன காலேஜ், இன்று காலை கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறது. 'எங்கள் கல்லூரியின் பெருமை.'

அவன் இனிஷியல்கூடத் தப்பு.

காலேஜ் கிரவுண்டில் கல்லும் முள்ளும். ஸ்கேட் ஓட சிமெண்ட் தரை வேண்டும். எங்கள் ஊரில் அரசாங்கம் கட்டிய உலர்களம் இருக்கிறது. கேழ்வரகு காயப்போடாத நாட்களில் சும்மா கிடக்கும். கூட்டிவிட்டு ஆட ஆரம்பித்தோம். சக்கரத்தில் தானியம் மாட்டினால் மூஞ்சி பெயர்ந்துவிடும். அதனால் கோல் பக்கத்தை மட்டும் சக்தி தன் துண்டால் இன்னொரு முறை துடைப்பான்.

ஒரு நாள் என் பெரியப்பா வந்து நின்றார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். சக்தியைப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

"காலனிப் பையன் களத்துல காலு வெக்கலாமாடா?"

சக்தி ஒரு காலைத் தூக்கி ஸ்கேட்டைக் காட்டினான். "காலு எங்கங்க படுது? சக்கரந்தானுங்க படுது."

டீமே சிரித்துவிட்டது. பெரியப்பா சிரிக்கவில்லை. மறுநாள் ஆள் விட்டுக் களம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

தீட்டாம்... கவர்மெண்ட் சிமெண்டுக்கு.

சக்தி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தான்.

"டேய், தூசியே இல்லடா! கூட்டுற வேல மிச்சம். வாராவாரம் கழுவச் சொல்லுடா உங்க பெரியப்பன."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றான். அன்று அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வாரமும் நாங்கள் ஆடினோம். ஒவ்வொரு வாரமும் அவர்கள் கழுவினார்கள்.

இன்று அவனை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பெரியப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"அவந்தான் போயிட்டானே... இனிமே களத்துல உங்களுக்கு என்னடா வேல?"

பதிலை இந்த ஃபேஸ்புக் போஸ்டில் சொல்கிறேன். இதைப் பார்க்கிற சொந்தக்காரர்கள் யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பெரியப்பா, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஆடுகிறோம். சக்தியின் ஸ்கேட்டை அவன் அம்மா என்னிடம் கொடுத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு கோலில் நான் நிற்பேன். அதே சக்கரம். கால் மட்டும் நம் வீட்டுக் கால். களத்தைக் கழுவுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

போய் வாடா சக்தி. கோல் பக்கத்தை நான் துடைத்துக்கொள்கிறேன்.