பதிவில்லாத படகின் முகவரி

விதி இதுதான். கணினியில் ஒரு பெயரைக் கொடுத்து முகவரி எண் கேட்கும் ஃபங்ஷன், முதலில் அந்தக் கணினியிலுள்ள பட்டியலைப் பார்க்கும். அதில் இல்லையென்றால் தலைமையிடத்துச் சர்வரைக் கேட்கும். பெயர் பதிவாகியிருந்தால் எண் வரும். இல்லாவிட்டால் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று வரும். சர்வரே படுத்துவிட்டால் ‘பதில் கிடைக்கவில்லை’ என்று வரும். நான்காவது வழி கிடையாது. அரசுக் கணினிப் பிரிவில் காலம் தள்ளியவன் சொல்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் மனுவாக எழுதிக்கொண்டு வரச் சொல்லுகிற ஆள் நான்.

ஓய்வுக்குப் பிறகு கிளிஞ்சல்மேட்டில் மீனவர் சங்கத்துக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படகுகளில் இருப்பிடம் சொல்லும் கருவி உண்டு. படகின் பெயரைத் தட்டினால் கருவியின் எண் வரும். எண்ணைக் கூப்பிட்டால் கருவி இடத்தைச் சொல்லும். கலியபெருமாள் தன் படகுக்குப் புதுக் கருவி வாங்கினார். பழைய பதிவை நீக்கிவிட்டு, புதியதற்குக் கையெழுத்துக் கேட்டேன். ஆடியில் கருவி மாட்டலாமாம், கையெழுத்துதான் போடக்கூடாதாம். கடலுக்குப் போக மட்டும் ஆடி பரவாயில்லையா என்றேன். சிரித்துவிட்டு, எண் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் விடியலில் போன படகு மதியம் மூன்று மணியாகியும் திரும்பவில்லை. கைபேசி எட்டவில்லை, காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி அஞ்சம்மாள் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். எதற்கும் இருக்கட்டும் என்று படகின் பெயரைத் தட்டினேன். உடனே வந்தது: அப்படி ஒரு பெயர் இல்லை. சரியான பதில்தான். அதை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது.

“பேரு இல்லன்னா ஆளே இல்லன்னு ஆயிடுமா சார்?”

“பதியலன்னுதாம்மா அர்த்தம்.”

“இன்னொருக்கா கேளுங்க. நல்லாத் தேடச் சொல்லுங்க.”

ஃபங்ஷனுக்கு நன்றாகத் தேடுவது, சுமாராகத் தேடுவது என்றெல்லாம் கிடையாது. விளக்குவதைவிடத் தட்டுவது சுலபம் என்று தட்டினேன். நம்பினால் நம்புங்கள், விடை வராவிட்டால் அரை நிமிடத்தில் கைவிட வேண்டிய ஃபங்ஷன் நாலைந்து நிமிடம் அப்படியே நின்றது, பிறகு ஓர் எண் வந்தது, கூப்பிட்டால் கருவி பேசுகிறது: கீழவாஞ்சூருக்கு நேர் கிழக்கே, நிலக்கரிக் கப்பல்கள் வரும் தடத்தில். இரண்டு படகுகள் கிளம்பிப் போய், இஞ்சின் நின்று மிதந்துகொண்டிருந்த கலியபெருமாளை இருட்டுவதற்குள் கட்டி இழுத்து வந்தன. சீட்டை வாங்கிப் பார்த்தேன். அதே எண்.

எங்கள் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. மறுநாள் தட்டினால் மறுபடி ‘இல்லை’. யார் பதிந்தது, யார் நீக்கியது என்று தலைமையிடத்துக்கு எழுதினேன். இரண்டு நினைவூட்டுகளும் போட்டேன். பதிலில் இருந்தது இவ்வளவுதான்: ‘குறிப்பிட்ட நாளில் காலை முதல் இரவு வரை சர்வர் நிறுத்தப்பட்டிருந்தது. எக்கேள்விக்கும் விடை அளிக்கப்படவில்லை.’

எண் வந்ததைக்கூட விட்டுவிடுகிறேன். சர்வர் நின்றிருந்தால் ‘பதில் கிடைக்கவில்லை’ என்றுதானே வரவேண்டும்; முதல் தடவை எனக்கு ‘இல்லை’ என்று சொன்னது யார்? அதைச் சொல்லவும் அங்கே ஒருவர் இருந்தாக வேண்டும். அஞ்சம்மாள் கேட்டுக்கொண்ட பிறகு அந்த ஒருவர் நன்றாகத் தேடியிருக்கிறார்.

மேற்கொண்டு எழுதிக் கேட்கவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்து, முறைப்படி மேல் மூலையில் பெற்ற நாளைக் குறித்தேன்: நவம்பர் பத்தொன்பது.