பால்குடம் எடுத்த ஹேண்ட்பிரேக்

எங்கள் பழைய பிக்கப்புக்கு ஹேண்ட்பிரேக் நான்தான். அதன் சொந்த ஹேண்ட்பிரேக் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அறுந்துபோயிருந்தது. மேட்டில் வண்டி நின்றால் நான் கதவைத் திறந்து குதித்து, காலடியில் கிடக்கும் மரக்கட்டையை எடுத்துப் பின்சக்கரத்துக்குக் கீழே போட வேண்டும். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் மேடில்லாத இடம் ஏது? லீக்ஸ் மூட்டை ஏற்றினால் குதி, இறக்கினால் குதி, எதிரே பஸ் வந்தால் குதி. என் கணவர் மட்டும் ராஜா மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த வண்டிக்கு இருந்த ஒரே பெருமை, தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ஒவ்வொரு வருஷமும் அம்மன் அதில் ஏறித்தான் லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் போவாள். வண்டியின் மூக்கு எப்போதும் தொங்கிக் கிடக்கும் என்பதால், அம்மன் நிமிர்ந்து உட்கார வேண்டுமென்று பீடத்தின் முன்கால்களை உயரமாகவே செய்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் துருவெல்லாம் பூவுக்குள் மறைந்துவிடும். அவரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு யாரோ மாதிரி இருப்பார்.

போன வருஷம் நான் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். அதாவது, ஹேண்ட்பிரேக் பால்குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டது. கோயில் மேட்டில் வண்டி நின்றது. அப்புறம் நிற்கவில்லை. அவர் பிரேக்கை மிதிக்க மிதிக்க அது அம்மனோடு மெல்லப் பின்னால் இறங்கியது. விபூதித் தட்டோடு பின்னால் வந்த கோயில் தலைவர், விலகப் போய் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. அம்மனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைவருக்கும் வேட்டியைத் தவிர வேறு சேதமில்லை.

இந்த வருஷக் கோயில் கூட்டத்தில் தலைவர் அதை மறக்கவில்லை. "அம்மனுக்கு வேற வண்டி பாத்துக்கிருவோம். அந்த வண்டிக்குப் பிரேக்கு இல்ல, பொண்டாட்டிதான் இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

"ஏங்க, வண்டியச் செஞ்சிக்கிட்டு வருவோம். அம்மன் நம்ம வண்டியிலதான் போகணும்" என்றேன்.

ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் நானா முன்சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் பேட் பப்படம் மாதிரித் தேய்ந்திருந்தது. சக்கரத்தைத் தாங்கும் போல் ஜொயின்ட்டைப் பிடித்து ஆட்டினார், விழப்போகிற பல் மாதிரி ஆடியது. ரப்பர் புஷ்ஷைத் தொட்டார், தூளாகக் கையோடு வந்தது.

"இதுல பிரேக் எங்க ஈக்கி? எப்படி ஓடினீங்க?"

என் கணவர் கட்டையைக் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். நானா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஒங்களுக்கு ரெஸ்ட் குடுக்கத்தான் வேணும்" என்றார்.

பேட், டிஸ்க், போல் ஜொயின்ட், புஷ், முன் ஸ்பிரிங், ஷொக் அப்சோர்பர் எல்லாம் மாற்றினார். கையோடு ஹேண்ட்பிரேக் கேபிளும் போட்டார். ஜாக்கிலிருந்து இறக்கியதும் வண்டி மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றது. திரும்பி வரும்போது முதல் வளைவிலேயே அவர் பழைய பழக்கத்தில் முழுப் பலத்தையும் போட்டு மிதித்தார். என் நெற்றி கண்ணாடியில் மோதியது. வலித்தாலும் சந்தோஷமாக இருந்தது. வண்டி நின்றதும் நான் கட்டையோடு கீழே குதித்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

தலைவர் லேசில் நம்பவில்லை. "கோயில் மேட்டுல நிறுத்திக் காட்டட்டும். பின்னால யாரு நிக்கிறது?" என்றார். ஒருவரும் அசையவில்லை. பூசாரிக்கு அப்போது பார்த்து மணி துடைக்கும் வேலை வந்துவிட்டது.

"நான் நிக்கிறேன்" என்றேன்.

போய் வண்டிக்குப் பின்னால் நின்றேன். வண்டி மேட்டில் ஏறி, பாதியில் நின்றது. பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது, வெளிறிப்போயிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, 'தாயே, இனிமேல் பால்குடமே எடுக்கமாட்டேன், இந்த ஒரு தடவை காப்பாற்று' என்று வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது வண்டி ஓரங்குலம்கூட நகராமல் அங்கேயே நின்றது. அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, விடவில்லை.

திருவிழா அன்றைக்குத்தான் அடுத்த சிக்கல். பீடத்தை ஏற்றி, அம்மனை வைத்து, பூவெல்லாம் கட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், அம்மன் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொங்கிய மூக்குக்காக உயரமாகச் செய்த முன்கால்கள்! வண்டி நிமிர்ந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முன்கால்களை அறுக்கலாம் என்றார்கள். அம்மன் உட்கார்ந்த பிறகு பீடத்தில் மரம் அறுக்கும் வாளை வைக்க விடமாட்டேன் என்று பூசாரி ஒற்றைக்காலில் நின்றார்.

தலைவர் என்னிடம் வந்தார். "ஏம்மா, அந்தக் கட்டை இருக்கா?"

இருந்தது. ஞாபகத்துக்காக அடுப்படியில் வைத்திருந்தேன். அதை நடுவில் அறுத்து, பீடத்தைத் தூக்கிப் பின்கால்களுக்குக் கீழே ஒவ்வொரு துண்டாக வைத்தார்கள். வாள் ஓடும்போது எனக்குக் கொஞ்சம் வலித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அம்மன் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

ஊர்வலம் கோயில் மேட்டுக்கு வந்தது. இந்தத் தடவை நான் வண்டிக்குள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைசி லயத்து ஆட்கள் தேங்காய் உடைப்பதற்காக வண்டி சரியாக அந்த இடத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. என் கை தானாகக் கதவுக்குப் போனது. கால் தானாகக் கட்டையைத் தேடியது. கட்டை அம்மனுக்குக் கீழே இருந்தது. நான் இறங்கவில்லை.

பின்னால் வந்த சனமெல்லாம் சட்டென்று இரண்டு பக்கமும் ஒதுங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் ஒருவர் மட்டும் விபூதித் தட்டோடு, நெஞ்சை நிமிர்த்தி, அசையாமல் நின்றார். தலைவர்தான். அவருடைய ஒரு கால் மட்டும் ஏற்கெனவே கானுக்குள் இருந்தது.