ஸ்தமாதெல்லாவின் மண்குடம்

மூன்றாவது மாடி பால்கனிக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு, கீழே நிற்கும் வெளியூர்க்காரர்களை விரலாலேயே நகர்த்துகிறாள் ஸ்தமாதெல்லா. நீலத் தொப்பி, பின்னால் போ. கேமராக்காரி, கயிற்றைத் தாண்டாதே. ஆறு மொழிகளில் அவளுக்குத் தெரிந்தவை ‘தலை’, ‘சுவர்’, ‘ஓடு’ என்ற மூன்று சொற்கள்தான். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

கிரேக்கத் தீவான கோர்ஃபுவில், ஈஸ்டருக்கு முந்தைய நாளான பெரிய சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு தேவாலய மணிகள் அடித்ததும், மாடிகளிலிருந்து தண்ணீர் நிரம்பிய மண்குடங்கள் தெருவில் விழும். வீட்டுப் பீடையெல்லாம் அதோடு நொறுங்கும். மற்ற நாட்களில் ஸ்தமாதெல்லா தையல்காரி; கால்சட்டைகளை நீட்டுவாள், பாவாடைகளைச் சுருக்குவாள். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி, பேசும்போதும் எடுப்பதில்லை. குடத்தை மட்டும் ஒரு மாதம் முன்பே தட்டிப் பார்த்து வாங்குவாள். ஓசை பிடிக்காவிட்டால் கடைக்காரருக்கு அன்றைய பொழுது போயிற்று.

மணி அடிப்பதற்கு முன் குடத்தின் வாயருகே குனிந்து, அந்த வருஷத்துக் குறைகளை உள்ளே சொல்லி வைப்பாள். “மேல் குழா ஒழுகுது. மருமக ஃபோன் பண்றதில்ல. முட்டி ரெண்டும் தனித்தனியா வலிக்குது.”

தெருவில் கால் கடுக்க நிற்கும் நாலைந்து அந்நியர்களைக் கைகாட்டி மாடிக்கு வரவழைப்பதும் அவள் வழக்கம். வந்தவர்களுக்குக் காபி உண்டு. மேசையில் ஈஸ்டருக்காகச் சாயமேற்றிக் குவித்திருக்கும் சிவப்பு முட்டையை யாராவது எடுத்தால் புறங்கையில் ஒரு தட்டும் உண்டு. “ராத்திரி ஆண்டவர் எழுந்திரிக்கட்டும். அதுவரைக்கும் அவரும் பட்டினி, நீயும் பட்டினி.” பாஷை புரியாது; தட்டு புரிந்துவிடும்.

ஒரே ஒரு சட்டம், குடத்தை அந்நியர் தொடக் கூடாது. “தொட்டீங்கன்னா உங்க ஊர்ப் பீடையும் எங்க தெருவுல வந்து விழும்.”

எதிர் மாடியில் அரிஸ்தோஸ், ஓய்வு பெற்ற தபால்காரர். யார் குடம் பெரிய சத்தம் போடுகிறது என்று இருவருக்கும் பன்னிரண்டு வருஷப் போட்டி. இந்தக் குளிர்காலத்தில் ஸ்தமாதெல்லாவின் வலது தோள் இறுகிப்போய், கை தோள் மட்டத்துக்கு மேல் எழவில்லை. மூன்று மாதம் அவளுக்குக் காய்கறி சுமந்தவர் அரிஸ்தோஸ்தான். குடத்தையும் தானே வந்து போடுவதாகச் சொன்னார். அவள் ஒப்பவில்லை.

“அப்ப இந்த வருசம் ஒரு டம்ளரை உருட்டிவிடு” என்றார்.

அவள் போன வருஷத்தைவிடப் பெரிய குடமாக வாங்கினாள். கடை ஆளை வைத்து, கம்பி உயரத்துக்கு இருந்த மேசையில் ஏற்றி, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினாள். இடது கையால் தள்ளினால் போதும் என்பது அவள் கணக்கு.

இந்த வருஷப் பெரிய சனிக்கிழமை மாடிக்கு வந்தவர்களில் லெஷெக் என்ற போலந்துக்காரர் இருந்தார். வயதான கொத்தனார். உள்ளங்கை இரண்டும் சாந்துக் கரணை போல் அகலம். காபியைக் குடித்துவிட்டு மூலையில் ஒதுங்கி நின்றார்.

மணி அடித்தது. தெருவெங்கும் குடங்கள் வெடித்தன. ஸ்தமாதெல்லா தள்ளினாள். குடம் பாதி நகர்ந்து, கம்பியில் அடி இடறி, ஒருபுறமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. அப்படியே சரிந்தால் நேராகத் தெருவின் நடுவில் விழாது, பக்கவாட்டில் போகும். அங்கே கயிற்றின் ஓரமாக ஜனம். பின்னுக்கு இழுக்கவோ அவளிடம் பலம் இல்லை. இடது கையால் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே அரிஸ்தோஸ் தூக்கிய குடத்தைப் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது இரண்டு அகலக் கைகள் குடத்தின் அடியில் வந்து தாங்கின. சுமை மொத்தத்தையும் லெஷெக் வாங்கிக்கொண்டார். சாய்வை நிமிர்த்தினார். ஆனால் தள்ளவில்லை. மேலே வழிந்த தண்ணீர் சட்டைக் கைக்குள் இறங்க, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரி சொல்லட்டும் என்பது போல.

ஸ்தமாதெல்லா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துச் சட்டையில் குத்தினாள். “போடு” என்றாள் கிரேக்கத்தில்.

குடம் நேராகப் போய் நடுத்தெருவில் விழுந்தது. இரண்டாம் மாடி ஜன்னல்வரை தண்ணீர் எகிறியது. கயிற்றுக்கு அப்பால் கைதட்டல். அரிஸ்தோஸ் தன் குடத்தையும் போட்டார். அது ஏதோ தட்டு உடைந்த மாதிரிதான் கேட்டது. தெருமுனையில் பேண்டு வாத்தியம் ஆரம்பிப்பதற்குள் அவர் குரல் எழுந்தது.

“ஏ ஸ்தமாதெல்லா, யாரு போட்டது அது? உன் கை இல்ல, எனக்குத் தெரியும்.”

அவள் இடது கையால் லெஷெக்கின் ஈர மணிக்கட்டைப் பற்றி, எதிர் மாடிக்கு நன்றாகத் தெரியும்படி, நுனிக்காலில் எம்பி, எட்டிய மட்டும் உயரத் தூக்கிக் காட்டினாள்.