டக்கு அக்காவும் நமத்த பிஸ்கட்டும்

அந்த பிஸ்கட் ஆலையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் டக்கு அக்கா. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு பிஸ்கட்டை எடுத்து, காதோரம் வைத்து உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. 'டக்' என்று முறிந்தால் தட்டு முன்னே போகும். சத்தம் மந்தமாக வந்தால் அத்தனையும் கழிவுத் தொட்டிக்கு. மேலாளரே வந்து கெஞ்சினாலும் மசிய மாட்டாள். இருபத்தாறு வருஷம் இப்படிக் காதால் உழைத்துவிட்டு ஓய்வு பெற்றாள்.

ஓய்வு பெற்றவள் சும்மா இருந்தாளா என்றால், அதுதான் இல்லை. ஆலையில் கொடுத்தனுப்பிய உடைசல் பிஸ்கட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த நாய்க் காப்பகத்துக்குப் போய் நின்றாள். அங்கே பொறுப்பிலிருந்த பெண் டாக்டர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே கட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"சாக்லேட், உலர்ந்த திராட்சை... இதெல்லாம் நாய்க்கு விஷம்மா. நல்ல மனசோட கொண்டு வந்திருக்கீங்க, ஆனா வேண்டாம்."

மூக்குடைபட்டுத் திரும்பும்போதுதான் கடைசிக் கூண்டைப் பார்த்தாள். செம்பட்டை நிற நாய் ஒன்று சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. எத்தனை பேர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது என்பதால் அங்கே அதற்குத் துரை என்று பெயர். அந்த முதுகைப் பார்த்ததும் அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"யாரோ நல்லா அடிச்சு வளர்த்திருக்காங்க," என்றார் டாக்டர். "யார் கையிலயும் வாங்கித் தின்னாது. சனிக்கிழமைக்குள்ள யார் கைக்காவது வரலைன்னா, மலைப் பக்கம் இருக்கிற பெரிய கொட்டடிக்கு அனுப்பிடுவோம். அங்க போன நாயை யாரும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதில்ல."

"என் கைக்கு வந்துட்டா?"

"நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அன்று திங்கட்கிழமை. நாய்க்கு எது ஆகும், எது ஆகாது என்று டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கோதுமை மாவு, வேகவைத்த பூசணி, ஒரு முட்டை. சர்க்கரை கிடையாது, உப்பு கிடையாது. மெல்லியதாகத் தேய்த்து, அடுப்பின் கண்ணாடிக் கதவை விட்டு நகராமல் சுட்டு எடுத்தாள். குளித்துவிட்டு வருவதற்குள் அவள் கணவர், பஸ் ஓட்டி ஓய்ந்த மனுஷர், டீயில் தொட்டு நாலைந்தை உள்ளே தள்ளியிருந்தார்.

"உப்பும் இல்ல, சக்கரையும் இல்ல. எனக்குப் பாக்குற டாக்டர் ஏதாவது சொன்னாரா? என்கிட்ட மறைக்கிறியா?"

"அது நாய்க்குச் சுட்டது."

"அடிப்பாவி! அஞ்சு தின்னுட்டேனே!"

"குரைக்காம இருந்தா சரி," என்று டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்தாள். கைப்பழக்கம் லேசில் போகுமா? கை தானாகக் காதுக்குப் போனது. டக். அற்புதமான டக். இருபத்தாறு வருஷத்தில் அப்படியொரு டக் பத்து தடவை கேட்டிருந்தால் அதிகம். துரையோ உடம்பைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

ருசி பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினாள். புதன்கிழமை ஈரல் சேர்த்தாள். டக். சுவர். வியாழக்கிழமை முள் எடுத்த மீன். வீடு முழுக்க நாறியது, ஆனால் டக் குறையவில்லை. பக்கத்துக் கூண்டு நாய்கள் வாலை ஆட்டிக் குதித்தன. துரை மட்டும் முதுகைத்தான் காட்டியது.

"விட்டுடேன். அது வேண்டாம்னுதான் சொல்லுது. உனக்குத்தான் காது கேக்கல," என்றார் கணவர்.

காதைப் பற்றி அவளிடமா பேசுவது! சுள்ளென்று கோபம் வந்தது. "சனிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதீங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை காப்பகத்து முற்றத்தில் கூட்டுகிற அம்மா, குப்பைக் கூடையில் அடங்காத காய்ந்த கிளையொன்றை முழங்காலில் வைத்து ஒடித்தாள். டக். துரை சுருண்டது. அதே சுருட்டல், அதே சுவர்.

டக்கு அக்கா எடுத்த பிஸ்கட்டை அப்படியே டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். அந்த நாயின் முதுகில் எத்தனை குச்சி முறிந்திருக்கும்! மூன்று நாளாக அந்தச் சத்தத்தை அதன் முகத்துக்கு நேரே உடைத்து உடைத்துக் காட்டியவள் அவள்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டித் தீர்த்தாள்.

பிற்பகலில் மாவைத் தடிமனாகத் தட்டி, பாதி நேரமே சுட்டாள். சுடச்சுட எடுத்து எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, மூடியை அழுத்தினாள்.

கணவர் பதறிப்போனார். "சூட்டோட மூடாதே, நமத்துப் போயிடும்னு காலமெல்லாம் என் உயிரை எடுத்தியே!"

"நமத்துத்தான் போகணும்."

சொல்லிவிட்டாளே தவிர, இரண்டு தடவை மூடியைத் திறக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். ஆலையில் இதைச் செய்தவர்களை அவள் சும்மா விட்டதில்லை. மூடியின் உள்பக்கம் நீர் கோத்து பிஸ்கட்டுகள் துவண்டு போகும் வரை டப்பாவை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை காப்பகத்து வாசலில் வேன் தயாராக நின்றது. டக்கு அக்கா கூண்டுக்குள்ளேயே போய், துரைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். டப்பாவை ஏற்கெனவே திறந்து துணியில் கவிழ்த்திருந்தாள். ஒரு துண்டை சத்தமில்லாமல் பிய்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நாயைப் பார்க்கவில்லை. கால் மரத்துப் போனது. தோள் வலித்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஈரமான மூக்கு ஒன்று விரல் நுனியைத் தொட்டது. பிஸ்கட் போய்விட்டது. துரை மூலைக்கு எடுத்துப்போய்த் தின்றது, திரும்ப வந்தது. இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது. கடைசியில் துணியில் தூள்கூட மிஞ்சவில்லை. அவள் நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தாள்.

கம்பிக்கு வெளியிலிருந்து டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "கையில ஒண்ணும் இல்லையேம்மா. இனிமே வராது."

துரை எழுந்து வந்தது. வெறும் கையை முகர்ந்தது. பிறகு தன் தாடையை அந்த உள்ளங்கையில் முழுக் கனத்தோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டது.

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ள இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அதையும் அவள் அசைக்கவில்லை.

"வேனை அனுப்பிடுங்க டாக்டர்," என்றாள்.